இரண்டு வெடிக்கு நடுவே

துரை வெடிச் சத்தத்துக்கு நடுங்கவில்லை. சத்தம் ஓய்ந்த பிறகுதான் நடுங்கினான்.

மெஷின்காரிக்கு இது பிடிபடவே பதினோரு நாள் ஆயிற்று. வாஷிங் மெஷினைத் திறக்காமலே, சுற்றுகிற சத்தத்தை வைத்து பேரிங் போச்சா பெல்ட் போச்சா என்று சொல்லிவிடுகிறவள் அவள். தெருக்காரர்கள் வைத்த அந்தப் பெயரைப் பட்டம் போலச் சுமந்து திரிகிறவள். அப்பேர்ப்பட்ட காதுக்காரி தன் வீட்டு நாய் விஷயத்தில் கோட்டை விட்டாள் என்றால் வெட்கக்கேடுதானே!

நாய் டாக்டர் சொன்ன வைத்தியம் எளிதானதுதான். போன வருஷக் கடைசி நாளில் ஊரே வெடித்துத் தள்ளியபோது, துரை கட்டிலுக்கடியில் ஒண்டிக்கொண்டு படுகிற பாட்டை அவரிடம் காட்டுவதற்காக மெஷின்காரி போனில் பதிவு செய்து வைத்திருந்தாள். அந்தச் சத்தத்தையே மிக மெலிதாக ஓடவிட வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கோழித் துண்டு. தினம் ஒரு புள்ளி சத்தத்தைக் கூட்ட வேண்டும். வெடித்தால் கறி வரும் என்று நாய் நம்பிவிட்டால் பயம் தன்னால் போய்விடும்.

துரை நம்பினான். டமால் என்றதும் நாக்கைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றான். ஆனால் அடுத்த வெடி வருவதற்குள் இருக்கிற அந்த நாலைந்து நொடி அமைதியில் காது இரண்டும் தலையோடு ஒட்டிக்கொள்ளும், வால் வயிற்றுக்கடியில் போய்விடும், வாயிலிருந்த கறி தரையில் விழும்.

பதினோராம் நாள் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெடிகளை விட்டுவிட்டு அந்த இடைவெளிகளை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். மின்விசிறியின் முனகல், எங்கோ குழாய் சொட்டுவது, துரையின் இரைப்பு, தன் மூச்சு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால், எல்லாவற்றுக்கும் அடியில், ஹால் பக்கமிருந்து, யாரோ நாக்கைத் தட்டி நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ச்சு ச்சு ச்சு. பிறகு, "வாடா தங்கம். அம்மாகிட்ட வா."

அது அவளுடைய குரல்.

அன்றைக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. பதிவு கெட்டுவிடக்கூடாதென்று அவள் வாயையே திறக்கவில்லை, இது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று துரை ஏன் கட்டிலுக்கடியிலிருந்து ஹாலை நோக்கி ஊர்ந்துகொண்டே இருந்தான், அவள் ஏன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது என்பதும் இப்போதுதான் புரிந்தது. பாவம் பிள்ளை, கூப்பிட்ட குரலுக்குப் போகப் பார்த்திருக்கிறான்.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"பக்கத்து வீட்டு டிவியா இருக்கும்டி."

"டிவில என் குரல் எப்படிக்கா வரும்?"

"அப்ப இந்த வருஷக் கடைசி நாள் மட்டும் இங்க வந்து இரு. அவனையும் தூக்கிட்டு வா."

"உங்க தெருவுல மட்டும் வெடிக்க மாட்டாங்களா? அதுவும் இல்லாம இது என் வீடு. நான் ஏன் ஓடணும்? ஓட வேண்டியது அது."

"அதுங்கறே. எதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது, தெரியவும் வேணாம். என் பிள்ளைய அது கூட்டிட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

"உன் பிடிவாதத்துக்கு ஒரு அளவே இல்லடி" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

வருஷக் கடைசி நாள் வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே அவள் ஜன்னல்களை அடைத்துத் திரைகளை இழுத்துவிட்டாள், சாப்பாட்டு மேஜையைச் சுவரோடு தள்ளி, போர்வைகளையும் பெட்ஷீட்டுகளையும் தரை தொடும்படி நாலு பக்கமும் தொங்கவிட்டு உள்ளே மெத்தை போட்டாள், துரையின் உடம்பில் பழைய பனியனை இறுக்கமாகச் சுற்றி ஊக்கு குத்தினாள், சமையலறையில் வாஷிங் மெஷினைத் துணி போடாமலே ஓடவிட்டாள். அந்த இரைச்சலைத் தாண்டி எந்தக் குரல் வருகிறதென்று பார்த்துவிடலாம் என்று துரையை இழுத்துக்கொண்டு மேஜைக்கடியில் நுழைந்தாள்.

ஏழு மணிக்கு முதல் வெடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. துரை அவள் மடியில் முகம் புதைத்தான். மெஷின் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது வெடி, மூன்றாவது. மருந்துப் புகை நெடி எப்படியோ உள்ளே வந்தது.

மெஷின் நின்றது.

கரண்ட் போகவில்லை, மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மோட்டார் கோளாறும் இல்லை. கோளாறென்றால் முனகிவிட்டுத்தான் நிற்கும். இது 'டிக்' என்று நின்றது. பொத்தானை யாரோ அமுக்கியிருக்கிறார்கள்.

ச்சு ச்சு ச்சு.

சமையலறையில்.

டமால்.

ச்சு ச்சு. ஹாலில்.

"வாடா தங்கம்."

துரை எழுந்தான். அவள் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "நல்லாக் கேட்டுக்கோ! நீ எவளா இருந்தாலும் சரி, விடிய விடியக் கூப்பிட்டாலும் சரி, இவன் வரமாட்டான்! தைரியம் இருந்தா என்கிட்ட வா!"

ஓர் இதமான சிரிப்பு. அவள் சிரிப்புதான்.

"போகாதடா" என்றாள் துரையின் காதில். "நான் இங்க இருக்கேன்."

"நான் இங்க இருக்கேன்" என்றது பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கம்.

துரை பெட்ஷீட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு அவளிடமிருந்தும் ஒரு அடி பின்வாங்கினான்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்து வருஷமாக ஒரே தட்டில் தின்று ஒரே கட்டிலில் தூங்கிய பிள்ளை, அவளைப் பார்த்து ஒதுங்குகிறான்! வாயைத் திறந்தால் அதற்குத்தான் லாபம். உதட்டைக் கடித்துக்கொண்டாள். குரலைத் திருடலாம், சரி. வாசனையை எங்கே போய்த் திருடும்? மெஷின் எண்ணெயும் சோப்புத் தூளும் ஊறிப்போன தன் கையை மெல்ல அவன் மூக்கடியில் நீட்டினாள்.

முகர்ந்தான். நக்கினான். அவன் உடம்பு தளர்ந்து அவள்மேல் சாய்ந்தது.

பார்த்தாயா? அவள் சத்தமில்லாமல் சிரித்தாள்.

டமால்.

பெட்ஷீட்டின் ஓரம் உயர்ந்தது. ஒரு கை உள்ளே வந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, பொறுமையாக, அவன் மூக்குக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். அன்று மதியம் மெஷின் டிரம் விளிம்பு அவளுக்குக் கிழித்த அதே கட்டைவிரலில், அவள் ஒட்டியிருந்த அதே பிளாஸ்திரி.

துரை முகர்ந்தான்.

வால் ஆடியது.

அவள் அந்த மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்தாள். முறித்துவிடுகிற வேகத்தில் பிடித்தாள். கை சூடாக இருந்தது. நாடி அடித்தது. விடமாட்டேன். என்ன ஆனாலும் விடமாட்டேன். அந்தக் கையும் திரும்பி அவள் மணிக்கட்டைப் பற்றியது. அதே வேகம். அதே பிடிவாதம்.

வெடி ஓய்ந்தது.

வெளியே அவள் குரல் பயத்தில் உடைந்து, ஆனாலும் அடங்காமல் கத்தியது:

"யாரு உள்ள? விடு என் நாய! செத்தாலும் உனக்குத் தரமாட்டேன்!"

துரை வாலை ஆட்டிக்கொண்டே அந்தக் குரலை நோக்கி ஊர்ந்தான்.