மூன்றாம் கம்பத்தின் மர்மம்

போன்பே தீவில், பெலியாப் கிராமத்துக் காவல் நிலையத்திற்கு அன்று காலை வந்த வெளிநாட்டுப் படை லெப்டினன்ட் ஹோல்கமின் காலணிகளில் சேறும், முகத்தில் கலவரமும் அப்பியிருந்தன.

“இன்ஸ்பெக்டர், உங்க தீவைப் பாதுகாக்குறோம்னு எங்க நாடு வாக்குக் கொடுத்திருக்கு. அதுக்குத்தான் ராடார் வைக்கிறோம். வேலிக்கு நட்ட கம்பத்துல மூணாவது மட்டும் இடம் மாறுது! திருப்பி நட்டேன். மறுபடி மாறிடுச்சு. வேற நாட்டு ஒற்றன் வேலைதான் இது.”

இன்ஸ்பெக்டர் வெல்சின், மென்றுகொண்டிருந்த பாக்கை மறு கன்னத்திற்கு நிதானமாக மாற்றினார்.

“காவலுக்கு யாரு இருந்தா?”

“உங்க கான்ஸ்டபிள் ரென்ஸ்டர். யாரையும் பாக்கலையாம். மத்தியானத்துக்குள்ள ஆள் சிக்கலைன்னா, இவர் தூங்கிட்டார்னு மேலிடத்துக்குச் சொல்லிடுவேன்.”

“ஐயா, சத்தியமா கண்ணு மூடல!” என்று அவர் பின்னால் நின்ற ரென்ஸ்டர் பதறினான். “இந்தத் தொப்பி போச்சுன்னா என் பொண்டாட்டி வாசல்லயே நிக்க வச்சிடுவா.”

மூவரும் மலைச்சரிவுக்குச் சென்றனர். ஆரஞ்சு நிறக் கம்பங்கள் நேர்வரிசையில் நின்றன. மூன்றாவது மட்டும் ஓர் ஈரப்பலா மரத்தை விட்டு விலகி, சுற்றிலும் கல் இட்டு உறுதியாக நடப்பட்டிருந்தது. அருகில் மஞ்சள் நிற இளநீர்க்காய் ஒன்று, குடித்து முடித்த நிலையில் கிடந்தது.

ரென்ஸ்டர் மிகுந்த ஆர்வத்துடன் தவழ்ந்து தவழ்ந்து தடயம் தேடினான். ஆயினும் அந்த மரத்தடிப் பக்கம் மட்டும் அவன் தலை திரும்பவேயில்லை. அவ்வழியே வந்த பெண்களும் மரத்தை நெருங்கியதும் முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டனர். காவலன் நின்ற இடத்தின் ஈரமண்ணில், குதிகால் தடங்கள் கம்பத்தை நோக்கிப் பதிந்திருந்தன.

“எல்லாரையும் ஊர்க் கொட்டகைக்கு வரச் சொல்லு” என்றார் வெல்சின்.

நண்பகலில் ஊர் கூடியது. ஊர்த்தலைவர் காஸியானோ தம் வீட்டு மஞ்சள் இளநீரை அனைவருக்கும் வழங்கினார். அவ்வூரில் மஞ்சள் காய் காய்ப்பது அவர் வீட்டுத் தென்னை ஒன்றே. வெல்சின் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, பேசத் தொடங்கினார்.

“ஒற்றனா இருந்தா கம்பத்தைப் புடுங்கி எறிஞ்சிருப்பான். இதைச் செஞ்சவரு கல்லு போட்டு இறுக்கி நட்டிருக்காரு. காவக்காரனுக்குத் தாகம் எடுக்குமேன்னு இளநீர் வேற. அப்போ இவருக்கு வேலி மேல கோவம் இல்ல. அந்த மரத்தடியைத் தோண்டக் கூடாது, அவ்ளோதான்.”

“அதை வாயால சொல்லியிருக்கலாமே?” என்றார் ஹோல்கம்.

“சொல்ல முடியாது சார். பெரிய விருந்துக்குன்னு ஒருத்தர் மறைவா வளக்குறது ஒண்ணு எங்க ஊர்ல உண்டு. எங்க வளருதுன்னு கேக்கறது அநாகரிகம். எட்டிப் பாக்கறது அதைவிட அநாகரிகம். அவரு அதுகிட்ட வந்தா, நாம திரும்பி நிக்கணும். ரென்ஸ்டர் தூங்கல சார். மரியாதையா முதுகைக் காட்டி நின்னான். குதிகால் தடமே சாட்சி.”

“சரி, யார் அது?”

வெல்சின் கூரையைப் பார்த்தார். காஸியானோ தம் கால் பெருவிரலைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, உங்க ராடார் வானத்தைத்தானே பாக்கும்?” என்றாள் கடைக்காரி பெர்பெத்துவா. “மண்ணுக்குள்ள கெடக்குற கிழ...”

கொட்டகை முழுவதும் ஒரே நேரத்தில் இருமியது. பெர்பெத்துவா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“சார்,” என்றார் வெல்சின் பணிவாக, “தீவைப் பாதுகாக்குறோம்னு சொன்னீங்களே, அதுல மண்ணுக்கு அடியில இருக்கறதும் சேர்த்தியா?”

ஹோல்கம் வரைபடத்தை விரித்து, மூன்றாவது புள்ளியை அழித்து, சற்றுத் தள்ளி வைத்தார்.

“சேர்த்திதான். கான்ஸ்டபிள், தொப்பியை நேரா வைங்க.”

விருந்து நாள் வந்தது. காட்டுக் கழியில் கட்டிய ஒரு பெருவள்ளிக்கிழங்கை, தோணி சுமப்பதுபோல் எட்டுப் பேர் கடற்கரைக்கு மூச்சிரைக்கச் சுமந்து வந்தனர். பின்னால் காஸியானோ, தமக்கும் அதற்கும் தொடர்பே இல்லாதவர்போல நடந்து வந்தார்.

“அடேயப்பா! இது எங்க...” என்று தொடங்கினார் ஹோல்கம்.

காஸியானோவின் முகம் வெளுத்தது. ரென்ஸ்டர் மெல்லக் கனைத்தான்.

லெப்டினன்ட் சொல்லை விழுங்கினார். சட்டென்று திரும்பி, அணிவகுப்பில் நிற்பவரைப்போல விறைப்பாகக் கடலைப் பார்த்து நின்றார். ஈரமணலில் அவருடைய குதிகால் தடங்கள் கிழங்கை நோக்கி அழகாகப் பதிந்தன.