வரிசையைப் பார்க்க வந்தவன்

"வரிசை இங்க இருக்கு, சார்..."

நகராட்சி ஜன்னலை நோக்கி நேராக நடந்தவன் திரும்பினான். மழையில் நனைந்த முடி, தூக்கம் கலையாத மாதிரி இரண்டு கண்கள்... யானினாவுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. சனியன், இவ்வளவு அழகாகவா முழிப்பான்?

"நான் வரிசையைப் பார்க்கத்தான் வந்தேன்."

"வேடிக்கையா? அப்போ எனக்குப் பின்னாடி நின்னு பாருங்க."

நின்றான். பெயர் டெர்லிஸ். ஆற்றுக்கு அக்கரை, பரகுவே. எந்த நாட்டில் தடையில்லாமல் தொழில் செய்யலாம் என்று ஒப்பிட்டு, நாடுகளைத் தரவரிசைப் பட்டியலில் அடுக்குவது அவன் வேலை; இந்த வரிசையைப் பார்ப்பதும் அதற்குத்தான். அவளோ அர்ஜென்டினாக்காரி. சிப்பா ரொட்டிக்கடை திறக்க அனுமதி கேட்டு மாதக்கணக்கில் இங்கே தவம் கிடக்கிறாள்.

மாத்தே இலைக் குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள். அவள் உறிஞ்சிய அதே குழலில் அவனும்... காது சிவந்தது யாருக்கு?

"பேசாம அக்கரைக்கு வந்துடுங்க. இந்நேரம் ரெண்டாவது கடைக்கு இடம் பார்த்திருப்பீங்க. உங்க நாடு எங்க பட்டியல்ல அடியில கிடக்கு."

சுருக்கென்றது அவளுக்கு. "கிடக்கட்டும். நான் பிறந்த தெருவுலதான் கடை போடுவேன். உங்ககிட்ட யோசனை கேட்டேனா?"

அவன் முகம் சுருங்கியது. குடுவையைத் திருப்பித் தந்து, "நன்றி" என்றான். மாத்தே குடிக்கிற ஊரில் அப்படிச் சொன்னால், போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம். போயே விட்டான்.

போகட்டுமே... வீராப்பு அவனுக்கு மட்டும்தானா? ஆனாலும் வரிசையில் நிற்கும்போதெல்லாம் அவள் கண் பின்னால் தேடியது. விடவில்லை அவள். ஜன்னல்காரர் அவளைப் பார்த்தாலே பெருமூச்சு விடும் அளவுக்குப் போனாள், நின்றாள், கேட்டாள். கடைசியில் அனுமதி கைக்கு வந்தது.

கடை திறந்த அன்று கொட்டும் மழை. முதல் ஆளாக வாசலில் டெர்லிஸ்.

"யார் சொன்னாங்க?"

"ஜன்னல்காரர். வாரவாரம் போன் பண்ணி அவர் உயிரை எடுத்தேன்."

"எங்க நாடு இப்ப எங்க இருக்கு?"

"அதே அடியிலதான். பொய் எழுத மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"எங்க பக்கம் எல்லாமே சுலபம், யானினா. உங்கள மறக்கிறது மட்டும்..." குரல் இறங்கியது. "முடியல. நான் உங்கள விரும்புறேன். நீங்க பாலம் தாண்ட வேண்டாம். நான் வர்றேன்."

அவளுக்குக் கண் கலங்கியது. "இங்க எல்லாத்துக்கும் வரிசைதான்... தெரியும்ல?"

"உங்களுக்குப் பின்னாடி நிக்கிறேன்."

மாத்தே ஊற்றிக் கொடுத்தாள். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினான். குடுவையை நீட்டினான். நன்றி சொல்லவில்லை.

"எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே, அவள் மறுபடியும் ஊற்றினாள்.