இரண்டு கோணங்களும் ஒரு பாதையும்

மழை இப்படிக் கொட்டித் தீர்க்கும் என்று நிவேஸ் நினைக்கவில்லை. மொட்டோவுன் சாலையில் பேருந்தையும் கோட்டைவிட்டு, சொட்டச் சொட்ட உணவகத்துக்குள் நுழைந்தாள். ஒரே ஒரு நாற்காலிதான் காலி. எதிரே ஒருவன் மனெஸ்ட்ரா சூப்பை ஆறவிட்டு, மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான்... மழைக்காலக் கடலின் சாம்பல் நிறக் கண்கள். அவளுக்குத் தலையைத் துவட்டக்கூடத் தோன்றவில்லை.

உட்கார்ந்து பேர் கேட்டதும்தான் வந்தது வினை. அவன் ரியெக்கா நகரிலிருந்து வந்த டெடி. அவள் கண்டுபிடித்த குறுங்கோளின் பாதைக் கணக்கு தப்பு, அதை ஒதுக்கிவிடலாம் என்று நேற்று வானாய்வகத்துக்கு எழுதி அனுப்பிய புண்ணியவான்! அதை நம்பிவிட்டால் வானாய்வகம் தேடுவதை நிறுத்திவிடும். குறுங்கோளோ அடுத்த மாதமே சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிடும். அப்புறம் அதைத் தொலைத்த மாதிரிதான்.

"தப்பு எங்கேன்னு காட்டாம நான் எந்திரிக்க மாட்டேன்," என்றாள்.

மடிக்கணினியில் இரண்டு கணக்கையும் ஒப்பிட்டார்கள். பாதையின் அளவும் நீட்சியும் சாய்வும் இருவருக்கும் ஒத்துப்போயின. பூமி சுற்றும் தளத்தை அது வெட்டும் இடம் மட்டும் அவளுக்கு நாற்பது டிகிரி, அவனுக்கு அறுபத்திரண்டு. அங்கிருந்து சூரியனுக்கு மிக அருகே வரும் இடம் வரை அவளுக்கு எழுபது, அவனுக்கு நாற்பத்தெட்டு. "இவ்வளவு வித்தியாசம் எப்படிங்க வரும்?" என்று அவன் அலுத்துக்கொண்டான். அந்த அலட்சியம் அவளைச் சுட்டது. எழுந்து போய்விடலாம் போலிருந்தது... போகவில்லை.

மேஜையிலிருந்த இரண்டு தட்டுகளை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக, மேலதை இம்மி மட்டும் சாய்த்துப் பிடித்தாள்.

"கீழது பூமியோட தளம், மேலது குறுங்கோளோட பாதை. எந்தக் கோட்டுல வெட்டிக்குதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவன் குனிந்து பார்த்தான். விழித்தான்.

"சொல்ல முடியாது. சாய்வு அவ்வளவு கம்மி. அதான் ஆளுக்கொரு இடத்துல வெட்டவிட்டோம். இப்போ உங்க ரெண்டு கோணத்தையும் கூட்டுங்க. என்னோடதையும் கூட்டுங்க."

நூற்றுப்பத்து. இரண்டுமே நூற்றுப்பத்து! வெட்டும் இடம்தான் வேறு; சூரியனுக்கு அருகே வரும் இடம் ஒன்றேதான். இரண்டு பேரும் ஒரே பாதையைத்தான் பிடித்திருந்தார்கள்.

அவன் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தான். வீம்பும் வெட்கமும் முகத்தில் மாறி மாறி வந்தன. பிறகு அவள் கண்ணெதிரிலேயே தன் மறுப்பைத் திரும்பப் பெற்று எழுதி அனுப்பினான்.

"நேத்துலருந்து உங்க கணக்க நாலு தரம் போட்டுட்டேன்," என்றான் மெதுவாக. "தப்புன்னு எழுதிட்டாலும், இவ்வளவு அழகா கணக்குப் போடுறவங்கள ஒரு தடவை பார்க்கணும்னுதான்... உங்க ஊருக்குக் கிளம்பினேன். மழை இங்கேயே உட்கார வெச்சிருச்சு."

வெளியே அடுத்த பேருந்து வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுத்த மாசம் மறையுற குறுங்கோள் திரும்பித் தெரிய ஒரு வருஷம் ஆகும். அப்போ நாம சேர்ந்து பார்க்கணும். எனக்கு உன்ன பிடிச்சிருக்கு, டெடி."

"ஒரு வருஷம் காத்திருக்கணுமா?"

"அது குறுங்கோளுக்கு. நீ நாளைக்கே வா."