பிரிக்காத ஆக்சிஜன்

"செத்தவங்களும் தூங்குறவங்களும் ஒரே மாதிரிதானே இருப்பாங்க, சிஸ்டர்?"

காலையில் மேனேஜர் அவளிடம் கேட்ட கேள்வி அது.

செத்தவர்... அவளுடைய அப்பா!

முதியோர் காப்பகத்தில் அவள் நர்ஸ். அப்பாவும் அங்கேயே நோயாளி. விடிவதற்குள் மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"இன்னைக்கு மானிய ஆய்வு. ஒரு தலை குறைஞ்சாலும் அடுத்த தவணை நிக்கும். அப்புறம் மத்த கிழங்களை எல்லாம் ரோட்டுல விட்டுடுவேன். உங்கப்பாவைப் போத்தி விடு!"

போர்த்தினாள்.

கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின். மானியத்தில் வாங்கியது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

அப்பா திணறியபோது பிரிக்கப் போனவளை மேனேஜர்தான் பிடித்துத் தள்ளினான்.

"ஆய்வுக்கு வர்றவங்க புத்தம் புதுசாப் பாக்கணும். தொடாதே!"

ஆய்வு அதிகாரி வந்தாள். கையில் செல்போன். கட்டில் கட்டிலாகப் படமெடுத்தபடி வந்தவள், அங்கே நின்றாள்.

"இவர்?"

"அசந்து தூங்குறார், மேடம்..." மேனேஜர் முந்திக்கொண்டான்.

"எழுப்புங்க. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினாத்தான் ஆள் கணக்குல ஏறும். புது ஏற்பாடு."

மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது.

"ராத்திரி பூரா இருமல், மேடம். பாவம், வயசானவர்..."

"எங்கப்பாவால சிமிட்ட முடியாது, மேடம்!" நர்ஸ் வெடித்தாள். "செத்துட்டார்! அந்த மெஷினைப் பிரிக்க விடாம இவன்தான் கொன்னுட்டான்!"

"அடிப்பாவி! வேலை குடுத்தவன்டி நான்!"

அதிகாரி உறையைக் கிழித்தாள். சுவிட்சைத் தட்டினாள்.

சத்தமே இல்லை.

பின்பக்க மூடியை நெம்பினாள்.

உள்ளே... ஒரு செங்கல்!

நர்ஸ் உறைந்தாள். பிரித்திருந்தாலும் அப்பா பிழைத்திருக்க மாட்டார்!

அதிகாரி செங்கலைப் படமெடுத்தாள்.

"போனைக் குடுடி!"

பாய்ந்த மேனேஜர், கிழிந்த பிளாஸ்டிக்கில் வழுக்கி... கட்டில் கம்பியில் நெஞ்சு மோத விழுந்தான்.

விலா எலும்பு முறிந்த சத்தம்!

"சிஸ்டர்... மூச்சு... காத்து..."

நர்ஸ் அவன் நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றினாள். மெஷினின் மாஸ்க்கை அவன் மூக்கோடு வாயையும் சேர்த்து மூடி, உள்ளங்கையால் அழுத்தினாள்.

"நல்லா இழுங்க, சார். புது மெஷின்... வாரண்டிகூட இன்னும் முடியல!"

அவன் விழிகள் பிதுங்கின. அதிகாரியை நோக்கிக் கையை நீட்டினான்.

அதிகாரி செல்போனைப் பைக்குள் போட்டாள். வெளியே போனாள்...

கதவைச் சாத்திவிட்டு!