சிட்டுவின் சர்க்கரை எண்

சிட்டுவின் கையில் ஒரு சின்னக் கருவி ஒட்டியிருக்கும். அவள் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அது அவளுடைய போனுக்குச் சொல்லும். அங்கிருந்து, அப்பா யாரையெல்லாம் சேர்த்துவிட்டாரோ அவர்களுடைய போனுக்கும் அந்த எண் போகும்.

அப்பா சேர்க்காத ஆள்தான் யார்? பெரியப்பா, மாமா, அத்தைகள் எல்லோரும் இருந்தார்கள். போதாததற்கு, தன் சலூனுக்கு முடிவெட்ட வருகிறவர்களிடமும் எண்ணை வாசித்துக் காட்டுவார். மகள் மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.

அன்று கணக்குப் பரீட்சைப் பயத்தில் எண் ஏறிவிட்டது. பள்ளி முடிந்து வரும் வழியிலேயே சின்ன அத்தை போன் செய்தாள்.

"என்னடி திருட்டுத்தனமா தின்னே? இருநூத்தி இருபது காட்டுது!"

"ஒண்ணும் தின்னலை அத்தை. பரீட்சை பயம்."

"பயத்துல சர்க்கரை ஏறுமா? யாருக்குக் காது குத்துறே?"

சலூனுக்குள் நுழைந்தால், முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பினார். "இப்ப இறங்கிடுச்சா பாப்பா?"

சிட்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

மறுநாள் வகுப்புக்குப் போனதும் போனை அணைத்துப் பையின் அடியில் போட்டாள். அப்பாடா என்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வகுப்பு வாசலில் அம்மா மூச்சிரைக்க நின்றாள். தையல் கடையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"எண் வரலைன்னதும் எனக்கு உசிரே போயிடுச்சு" என்றாள். திட்டவே இல்லை. சிட்டுவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் சலூன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்பா, எண் ரொம்பக் குறைஞ்சு நான் மயங்கினா, அத்தை ஓடி வருவாங்களா?"

"அவ எங்கே வருவா? இருக்கிறது எங்கேயோ. போன்ல கத்துவா."

"அந்த நுரை மாமா?"

அப்பா சிரித்துவிட்டார். "அவர் பேரே எனக்குத் தெரியாது."

"அப்ப ஓடி வர்றவங்க மட்டும் பார்க்கட்டும்பா. நீங்க, அம்மா, டீச்சர். நானும் இனிமே போனை அணைக்க மாட்டேன்."

அப்பாவின் சிரிப்பு அடங்கியது. "உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் கண்ணு. இனிமே கடையிலயும் வாயைத் திறக்க மாட்டேன்."

மற்ற பெயர்களையெல்லாம் அவர் அப்போதே எடுத்துவிட்டார். சின்ன அத்தை கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு அவளே போன் செய்து, "கணக்கு எப்படி எழுதினே?" என்று கேட்டாள்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவிடம் ஒன்று கேட்டார்.

"இந்த எண்களை ஒரு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா? பேர், விலாசம் எதுவும் போகாது. மத்தப் பிள்ளைங்களுக்கு உதவும்."

"அதுக்கென்ன, தாராளமா..." என்று தொடங்கிய அப்பா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். "எண் அவளோடது டாக்டர். அவகிட்டயே கேளுங்க."

டாக்டர் தன் நாற்காலியை சிட்டு பக்கம் திருப்பினார்.

சிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கொடுக்கலாம் டாக்டர். முதல்ல யார் யார் பார்ப்பாங்கன்னு சொல்லுங்க."