கத்திரி வெயிலில் ஒரு ஹனிமூன்

ஸ்டேஷன் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ரோகிணி எடுக்கவில்லை. அவள் காதில் ஏற்கெனவே ஒரு செல்போன் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுமுனையில் அவள் கணவன் உதயகுமார். கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஹனிமூன் லீவு நாளை மறுநாள் ஆரம்பம். எங்கே போவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

"ஊட்டி," என்றான் உதயகுமார்.

"மே மாசத்துல ஊட்டியா? காரைக்குடியில பாதிப்பேரு அங்கதான் நிப்பாக. எங்க சித்தி குடும்பத்தோட போயிருக்கு. அந்தமான் போவோம்ங்க."

"கடல் எனக்கு ஆகாது. வாந்தி வரும்."

"பிளேன்ல போவோம்."

"அதுலயும் வரும். அம்மா வேற திருச்செந்தூர் போயிட்டு வாங்கன்னு சொல்லுது."

"போயிட்டு வாங்கன்னா?"

"கூட வர்றேன்னும் சொல்லுது."

ரோகிணி பல்லைக் கடித்தாள். அதற்குள் கான்ஸ்டபிள் மருது ஸ்டேஷன் போனை எடுத்திருந்தார். அவர் முகம் மாறியது.

"மேடம்... கொத்தமங்கலம். ஒரு பொண்ணு உசிரு போகப் போகுதாம்."

ரோகிணி ரிசீவரைப் பிடுங்கினாள்.

"நான் பாண்டீஸ்வரி பேசுறேன் மேடம்," ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. "இங்க செட்டிய வீட்டை ஓட்டலா மாத்தியிருக்காகள்ல, அங்க ரூம் கூட்டித் தொடைக்கிறது நாந்தான். ஹனிமூனுக்குன்னு புருஷன் பொண்டாட்டி வந்துருக்காக. அவன் அந்தப் புள்ளைய இன்னைக்கே முடிச்சிருவான்."

"எதை வச்சுச் சொல்றீக?"

"ரூமுக்குள்ள குழி தோண்டுறான் மேடம்."

ரோகிணி தொப்பியை எடுத்தாள். செல்போனில் உதயகுமார் இன்னும் இருந்தான்.

"அப்ப மூணாறு?"

"வைங்க போனை."

*

ஜீப் கொத்தமங்கலம் ரோட்டில் பறந்தது. வெளியே அனல். மருது ஸ்டியரிங்கைத் துண்டு சுற்றிப் பிடித்திருந்தார்.

"கத்திரி வெயில்ல, கொத்தமங்கலத்துக்கு, ஹனிமூன்," என்றாள் ரோகிணி. "இதுவே ஒரு குற்றம் மருது. குளுரு வேணும்னா ஊட்டி. கடல் வேணும்னா கோவா. பந்தா காட்டணும்னா பாலி, மாலத்தீவு. இங்குட்டு எதுக்கு வரணும்?"

"சாப்பாட்டுக்கு வருவாக மேடம்."

"புதுசாக் கல்யாணம் ஆனவனுக்கு நண்டு மசாலாவா முக்கியம்? ஒரு ரூல் சொல்றேன், ஞாபகம் வச்சுக்கங்க. ஹனிமூன் கேஸ்னா மொதக் கேள்வி ஒன்னுதான். இடத்தை செலக்ட் பண்ணது யாரு? எவன் பண்ணானோ, அவன்தான் குற்றவாளி."

"அப்ப உங்க ஹனிமூனுக்கு யாரு மேடம் இடம்..."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

*

அரண்மனை மாதிரி வீடு. இந்தத் தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம். வாசலிலேயே பாண்டீஸ்வரி துடைப்பத்தோடு காத்திருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்கப் போட்டோக்கள். எல்லாம் ஹனிமூன் ஜோடிகள். ஆண்கள் பட்டு வேட்டியில், பெண்கள் பட்டுப் புடவையில். எல்லாப் பெண்களின் கழுத்திலும் மார்பை மறைக்கும் அளவுக்கு ஒரே மாதிரித் தங்க நகை.

"இது என்ன?"

"கழுத்துரு மேடம். செட்டிய வீட்டுக் கல்யாணத்துல பொண்ணுக்குப் போடுவாகள்ல, அது. இது கவரிங். போட்டோ எடுக்கிறதுக்கு. ஹனிமூன் பேக்கேஜுல சேத்தி. மொதலாளி அழகுசுந்தரம் செட்டியாரு கையால எடுத்துக் குடுப்பாரு, எடுத்து முடிச்சதும் அவரே வாங்கிப் பெட்டியில வச்சுப் பூட்டிருவாரு. போன மாசம் ஒரு பெங்களூர்ப் பொண்ணுக்குக் கழுத்தே சுளுக்கிப் போச்சு."

"உள்ள இருக்கிற பொண்ணும் எடுத்துச்சா?"

"அதான் மேடம் மொதச் சந்தேகம். போட்டோவுக்கு வாங்கன்னேன். ரெண்டும் ஒரே நேரத்துல எகிறிக் குதிச்சு, வேண்டவே வேண்டாம்னுட்டாக. சும்மா குடுக்கிறதை வேண்டாங்கிற ஜோடியை இப்பத்தான் பாக்குறேன்."

"அப்புறம்?"

"ஏசி சூட் காலியா இருக்கு. வேண்டாமாம். ரெண்டாம் கட்டுல அந்த மூலை ரூம்தான் வேணும்னு அடம். உள்ள கட்டிலை இழுத்து இழுத்து அந்தச் செவுத்துக்கு ஒன்னு, இந்தச் செவுத்துக்கு ஒன்னுன்னு போட்டுருக்காக. காலையில பணியாரம் வச்சேன். கடைசிப் பணியாரத்தை அவ தட்டுல இருந்து கேக்காமலே எடுத்து வாயில போட்டுட்டான். அந்தப் புள்ள அவன் மண்டையில நங்குன்னு ஒரு கொட்டு வச்சுச்சு. புதுப் பொண்டாட்டி கொட்டுவாளா மேடம்?"

மருது ரோகிணியையே பார்த்தார்.

"என்ன பார்வை? மேல கேளுங்க."

"அப்புறம் கதவுப் பக்கம் நின்னேன் மேடம். கேக்கணும்னு நிக்கல, கூட்டுறப்ப காதுல விழுந்துச்சு. 'இன்னைக்கே முடிச்சிரணும் தேனு, நாளைக்குன்னா காரியம் கெட்டுரும்'னு சொன்னான். அப்புறம்தான் சத்தம்."

டங்... டங்... டங்...

அந்தச் சத்தம் இப்போதும் கேட்டது.

மூவரும் இரண்டாம் கட்டுக்கு ஓடினார்கள். மூலை அறை. கதவு உள்ளே பூட்டியிருந்தது.

டங்... டங்...

"ஐயோ!" ஒரு பெண்ணின் அலறல்.

"உடைங்க மருது!"

மருது தோளைக் கொடுத்து மோதினார். கதவு அசையவில்லை. அவர்தான் அசைந்தார். தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"பர்மா தேக்கு சார்," என்றாள் பாண்டீஸ்வரி. "சாவி எங்கிட்ட இருக்கு."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"கேக்கலையே."

கதவு திறந்தது.

அறை மூலையில் தரைக்கல்கள் பெயர்ந்து கிடந்தன. ஒரு குழி. குழிக்கு முன்னால் கடப்பாரையோடு ஒரு இளைஞன். கட்டிலில் ஒரு இளம்பெண் தன் கால் கட்டைவிரலைப் பிடித்தபடி துடித்துக்கொண்டிருந்தாள்.

உயிரோடுதான் இருந்தாள். ரோகிணிக்குப் பாதி உயிர் திரும்பியது.

"கடப்பாரையைக் கீழ போடு."

"போட்டுத்தான் மேடம் என் கால்ல விழுந்துச்சு," என்றாள் அந்தப் பெண்.

அவன் பெயர் ஹரீஷ். அவள் தேனம்மை. பினாங்கிலிருந்து வந்தவர்கள். இரண்டு பாஸ்போர்ட்டிலும் ஒரே விலாசம். அதைப் பார்த்துத்தான் ஓட்டலில் மறுபேச்சில்லாமல் ரூம் கொடுத்திருந்தார்கள்.

"யாருக்குய்யா குழி?" என்றாள் ரோகிணி.

"குழி இல்ல மேடம். தரை கொஞ்சம் தூக்கிட்டு இருந்துச்சு. சரி பண்ணலாம்னு..."

"ஹனிமூனுக்கு வந்த இடத்துல கொத்து வேலையா? சரி. இந்த இடத்தை செலக்ட் பண்ணது யாரு?"

"இவதான்."

"இவன்தான்."

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்து மோதின. ரோகிணி அந்தப் பெண் அருகே உட்கார்ந்தாள். குரலை மென்மையாக்கினாள்.

"பயப்படாமச் சொல்லும்மா. நீ ஊட்டி கேட்டியா? இவன் மாட்டேன்னு இங்குட்டு இழுத்துட்டு வந்தானா?"

"இவன்கூட ஊட்டியா? அதுக்கு நான் அந்தக் குழியிலயே படுத்துக்குவேன் மேடம்."

ரோகிணி குழம்பினாள். அப்போது வாசலில் ஒரு கனைப்பு.

வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. முதலாளி அழகுசுந்தரம் செட்டியார். சென்னைவாசி. ஹனிமூன் ஜோடி வந்தால் மட்டும் வருபவர், இன்றும் வந்திருந்தார். குழியைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு விநாடி வெளுத்தது. பிறகு போலீஸைப் பார்த்ததும் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது.

"இன்ஸ்பெக்டரம்மா, கேஸெல்லாம் வேண்டாம். ஓட்டல் பேரு கெட்டுரும். ஹனிமூனுக்குன்னு இந்தப் பக்கம் ஆளுகளை வர வச்சதே நாந்தான். சின்னஞ்சிறுசுக, ஏதோ வெளையாட்டு." ஹரீஷைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "பாத்தா நம்ம பிள்ளைக மாதிரி இருக்கீக. தம்பி எந்தக் கோயில்?"

செட்டிநாட்டில் இரண்டு நகரத்தார் சந்தித்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி அது.

"நேமங்கோயில்," என்றான் ஹரீஷ்.

"அட, நம்ம பங்காளி!" தேனம்மை பக்கம் திரும்பினார். "ஆச்சி பிறந்த வீடு எந்தக் கோயில்?"

"நேமங்கோயில்," என்றாள் தேனம்மை.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. ஹரீஷ் தலையில் அடித்துக்கொண்டான்.

அழகுசுந்தரத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "சிவ சிவா..."

"என்ன ஆச்சு?" என்றாள் ரோகிணி.

"மேடம், இவுகளுக்கு ஒம்போது கோயிலு," பாண்டீஸ்வரி அவள் காதில் ஓதினாள். "ஒரே கோயில்காரகன்னா அண்ணன் தங்கச்சி முறை. கட்டவே மாட்டாக."

ரோகிணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே புருவம். ஒரே முட்டைக்கண். ஒரே விடைத்த மூக்கு.

"முறை மட்டும்தானா? இல்ல..."

"எங்க அக்கா மேடம்," என்றான் ஹரீஷ். "கூடப் பிறந்தவ. ஏர்போர்ட்ல இருந்து இதுவரைக்கும் அத்தனை பொய் சொன்னோம். ஒன்னுலயும் மாட்டலை."

"கோயிலை மாத்திச் சொல்ல வாய் வரலை மேடம்," தேனம்மை கண்ணைத் துடைத்தாள். "இது எங்களைப் பெத்த அப்பச்சி நாச்சியப்பன், ஆத்தா லட்சுமி இவுக ரெண்டு பேரோட அறை. இந்த வீட்டுல கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அறை உண்டு. நாளைக்கு அவுகளுக்கு அரியக்குடியில அறுபதாங் கல்யாணம். ஆத்தா கழுத்துரு போடணும். கல்யாணத்தன்னைக்கு ஒரு தடவை, அறுபதுக்கு ஒரு தடவை. நடுவுல தொடவே மாட்டாக. பினாங்கு போறப்ப அதை ஒரு பெட்டியில போட்டு இந்த மூலையில, தரைக்கு அடியில வச்சுட்டுப் போனாக."

"போன்ல இவர்கிட்ட கேட்டோம்," ஹரீஷ் அழகுசுந்தரத்தைக் கைகாட்டினான். "எங்க பெரியப்பச்சி, அப்பச்சிக்கு அண்ணன். அறையில ஒன்னும் இல்லைன்னாரு. தொறந்து காட்டுங்கன்னா, அந்த ரூம் ஹனிமூன் பேக்கேஜுக்கு மட்டும்தான்னு போனை வச்சுட்டாரு. வேற வழி? அக்காவைக் கூட்டிக்கிட்டு ஹனிமூன் வந்தேன். இந்தக் கொடுமை எந்த மனுஷனுக்கும் வரக்கூடாது மேடம்."

அழகுசுந்தரம் இருவரையும் உற்றுப் பார்த்தார். கடைசியாக இவர்களைப் பார்த்தபோது ஒன்று பாவாடையில் இருந்தது, இன்னொன்று அரை டிராயரில் இருந்தது.

"கிடைச்சுதா?" என்றாள் ரோகிணி.

"குழி இருக்கு. பெட்டி இல்லை." தேனம்மை குழியைக் காட்டினாள். "ஆத்தா நேத்துல இருந்து சாப்பிடலை. கழுத்துரு இல்லாம மணையில உக்கார மாட்டேன்னு அழுகுது. அப்பச்சி கல்யாணமே வேண்டாம்னுட்டாக."

"பாத்தீகளா!" அழகுசுந்தரத்துக்கு உயிர் வந்தது. "இல்லாததைத் தேடி என் தரையைப் பேத்துட்டாக. அத்தனையும் ஆத்தங்குடிக் கல்லு. இப்ப எழுதுங்க கேஸு."

ரோகிணியின் செல்போன் சிணுங்கியது. உதயகுமார்.

"முடிவு பண்ணிட்டேன். மணாலி."

"ஏன் மணாலி?"

"ஆபீஸ்ல எல்லாரும் அங்கதான் போனாக. எல்லாரும் ஒரே இடத்துல நின்னு, ஒரே குல்லாவை வாடகைக்கு வாங்கிப் போட்டு போட்டோ எடுத்துருக்காக. நாமளும் எடுக்கணும்ல."

ரோகிணி அப்படியே நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"மணாலி..."

"அது இல்ல. வைங்க போனை."

அவள் முன்கட்டுக்கு நடந்தாள். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். போட்டோச் சுவர் முன் நின்றாள். முதல் ஜோடி, நடு ஜோடி, போன மாத பெங்களூர் ஜோடி. பெண்கள் மாறியிருந்தார்கள். நகை மாறவில்லை.

"பாண்டீஸ்வரி, இந்தக் கவரிங் எம்புட்டு நாளா இருக்கு?"

"ஓட்டல் தொறந்ததுல இருந்து இதான் மேடம்."

"மெருகு போட்டீகளா?"

"இல்லையே. வாரவ போறவளெல்லாம் வேர்வையோட போடுறாக. ஆனா அப்படியே மின்னும். நான் போட்டிருக்கிற கவரிங் சங்கிலி ஒரு சித்திரைக்கே கறுத்து..."

பாண்டீஸ்வரி நிறுத்தினாள். தன் சங்கிலியைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள்.

முதலாளி வாசலைப் பார்த்தார்.

மருது நல்ல தோளால் வழியை அடைத்தார்.

"பெட்டியைத் தொறங்க செட்டியாரே," என்றாள் ரோகிணி.

"சாவி சென்னையில..."

"இடுப்புல இருக்கு மேடம்," என்றாள் பாண்டீஸ்வரி.

பெட்டி திறந்தது. தேனம்மை அந்த நகையை இரண்டு கையாலும் ஏந்தினாள். ஓரத்தில் கோத்திருந்த தங்க உருவைத் திருப்பினாள். அதில் ஒரு சின்ன நெளிசல்.

"இதுதான் மேடம். கல்யாணத்தன்னைக்கு அப்பச்சி கை நடுங்கிக் கீழ போட்டுட்டாக. இன்னைய வரைக்கும் ஆத்தா அதைச் சொல்லித்தான் சண்டை போடும்."

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். ஹரீஷ் அக்காவின் தலையில் கை வைத்தான். அவள் தட்டிவிடவில்லை.

"வீட்டுல வச்சா பொண்டாட்டி கேப்பா," அழகுசுந்தரம் முணுமுணுத்தார். "லாக்கர்ல வச்சா தம்பி கேப்பான்..."

"அதனால ஊரான் வீட்டுப் பொண்ணுக கழுத்துல வச்சீகளாக்கும்? கவரிங்னு சொன்னா எவனும் தேட மாட்டான். நல்ல மூளை." ரோகிணி திரும்பினாள். "என் ரூல் தப்பலை மருது. இந்த வீட்டை ஹனிமூனுக்கு செலக்ட் பண்ணது இந்தப் புள்ளைக இல்ல. இவருதான். ஜீப்புல ஏத்துங்க."

"அடப் பாவிகளா," பாண்டீஸ்வரிக்கு மனசு ஆறவில்லை. "நான் கூப்பிட்டப்பவே போட்டோவுக்கு வந்திருந்தா இவரே எடுத்துக் குடுத்திருப்பாரு, நான் உன் கழுத்துல மாட்டி விட்டிருப்பேனே தாயி."

"இவகூட மாலையும் கழுத்துமா நிக்கவா?" என்றான் ஹரீஷ். "தோண்டுனதே மேல்."

நங்கென்று ஒரு கொட்டு விழுந்தது.

"கழுத்துருவை எடுத்துக்கிட்டு அரியக்குடிக்குக் கிளம்புங்க," என்றாள் ரோகிணி. "ஆத்தாவை மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க. கோர்ட்டுக்கு எழுத வேண்டியதை நாளைக்கு மணைக்கே வந்து, அவுக கழுத்துல வச்சே எழுதிக்கிறேன்."

அவள் ஜீப்பில் ஏறினாள். மறுபடியும் செல்போன்.

"ரோகிணி, என்னால முடியலை. ஊட்டியோ அந்தமானோ, நீயே செலக்ட் பண்ணிரு. நீ எங்க சொன்னாலும் வாயை மூடிக்கிட்டு வாரேன்."

எந்தப் புதுப்பெண்ணும் தவம் கிடந்து வாங்க வேண்டிய வார்த்தை. ரோகிணி பதறிப்போனாள்.

"ஐயோ, நான் செலக்ட் பண்ண மாட்டேன். நீங்களே பண்ணுங்க."

"ஏன்?"

"போன இடத்துல உங்களுக்கு ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா, மருது நேரா என்னையத் தூக்கிருவாரு!"