மரையில் சுற்றிய நூல்

கியர்பெட்டி சில்லென்று இருந்தது.

அக்பெகோ விரலை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். முக்கால் மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரம் அது. எண்ணெய்க் குழாயைத் திருகிப் பூட்டுகிற மரையில் கை பட்டால் தோல் வெந்துபோக வேண்டும். பதினெட்டு வருஷமாக வோல்டா ஏரியில் படகு இயந்திரங்களோடு மாரடிக்கிறவன் அவன். கொதித்த கியர்பெட்டியைப் பார்த்திருக்கிறான், வெடித்ததைப் பார்த்திருக்கிறான், எண்ணெய் முழுவதையும் கக்கிவிட்டு ஊமையாகக் கிடந்ததையும் பார்த்திருக்கிறான். ஓட ஓடக் குளிர்கிற கியர்பெட்டியை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"என்ன பிட்டரே, சத்தத்தையே காணோம்? உள்ள தூங்கிட்டியா?" பின்பக்கத்திலிருந்து செவோர் கத்தினார். சுக்கான் பிடிப்பவர், படகுக்குச் சொந்தக்காரர்.

"எண்ணெய் பாக்குறேண்ணே."

"ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்ல."

பொய் இல்லை. கியர்பெட்டி குளிர்வதை மட்டும் சொல்லாமல் விட்டான்.

படகில் மூன்றே பேர். பின்னால் செவோர், நடுவில் இயந்திரக் குழிக்குள் அக்பெகோ, முன்னால் கிழங்கு மூட்டைகளுக்கு அப்பால் தார்ப்பாய் நிழலில் அவன் மனைவி யாய்ரா. தலைப் பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் அக்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அவள் கையில் இன்னொரு பிரசவம் இருந்ததால் கூட வரவில்லை. வெளியே, பாலைவனத்திலிருந்து வீசுகிற ஹர்மட்டான் காற்றின் புழுதி ஏரியை மூடிக் கிடந்தது. பட்டப்பகலிலேயே சூரியன் வெளுத்துப்போய், கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல், அணை கட்டியபோது மூழ்கிச் செத்த மரங்கள் மட்டும் ஒவ்வொன்றாகப் புழுதிக்குள்ளிருந்து வெளிப்பட்டு, கிட்டே வந்து, மறைந்துகொண்டிருந்தன. மூட்டைகளுக்கு அப்பாலிருந்து யாய்ராவின் முனகல் கேட்டபடி இருந்தது. அது கேட்கும்வரை அவனுக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தது.

தப்பு அவனுடையதுதான். காலையில் அவசரத்தில் மரையைத் துடைக்காமல், கசிவை அடைக்கிற பழைய டேப்பின் பிசிறுக்கு மேலேயே புது டேப்பைச் சுற்றி முடுக்கிவிட்டான். கற்றுக்குட்டிகூடச் செய்யமாட்டான். பாதி ஏரியில் மரை பீய்ச்சியடித்தது, எண்ணெய் போனது, கியர் பிடிக்கவில்லை. ஊற்ற இன்னொரு டப்பா எண்ணெய் இருந்தது. டேப்தான் கரையிலேயே கிடந்தது. ஒரு பட்ட மரத்தில் படகைக் கட்டினார்கள்.

டேப் இல்லாதபோது ஏரிப் பக்கத்துப் பிட்டர்கள் பருத்தி நூலில் பெயிண்டைத் தடவி மரையில் சுற்றுவார்கள். படகுக்குப் பெயர் எழுதுகிற பெயிண்ட் ஒரு டப்பா இருந்தது. வலையெல்லாம் நைலான், வழுக்கும். யாய்ராவின் துணியில் இழை உருவினால் பட்டுப் பட்டென்று அறுந்தது. நிமிர்ந்து பார்த்தான். மரத்தில், கை எட்டும் உயரத்தில், கைத்தறியில் நெய்த தடித்த சிவப்புத் துணி ஒன்று கட்டியிருந்தது.

"அதத் தொடாதடா," என்றார் செவோர். "எசினாமுக்குக் கட்டினது."

எசினாமை அவனும் கேள்விப்பட்டிருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நிறைமாதத்தோடு இதே ஆஸ்பத்திரிக்குப் போனவள். படகு நீருக்கடியில் நின்ற மரத்தில் மோதியது. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு இந்தப் படகுக்காரர்கள் அங்கேயே ஒரு மரத்தில் துணி கட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இதுதான் உன் இடம், எந்தப் படகின் பின்னாலும் வராதே என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

"ஒரே ஒரு இழைண்ணே. செத்தவளுக்கு அது எதுக்கு? எம் பொண்டாட்டி உசுரோட கெடக்கா."

செவோர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்பெகோ இழையை உருவினான். முதல் சுற்றை விட்டு, மரை ஓடுகிற திசையிலேயே இறுக்கிச் சுற்றி, பெயிண்டைப் பூசி, பூட்டி, மிச்ச நுனியை ஒட்ட அறுத்தான். இருந்த எண்ணெயை ஊற்றியதும் படகு கிளம்பியது. கசிவே இல்லை.

இப்போது டார்ச் வெளிச்சத்தில் மரையைப் பார்த்தான். ஒட்ட அறுத்த இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

சரியாக அறுக்கவில்லை போலிருக்கிறது என்று கத்தியை எடுத்து மறுபடி அறுத்தான். டீசல் வாடையையும் கருவாட்டு வாடையையும் மீறி, ஏரியின் அடிச் சேற்று வாடை குழிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பெயிண்ட் டப்பாவை மூடி வைத்துவிட்டுத் திரும்பினான். நூல் முழ நீளம் இருந்தது. அதில் பெயிண்ட் இல்லை. நனைந்திருந்தது. தொங்கவும் இல்லை. மரையிலிருந்து சாய்வாக இறங்கி, அடிப்பலகைகள் இரண்டுக்கு நடுவே நுழைந்து, படகுக்குக் கீழே போயிருந்தது. விறைப்பாக.

"படகு இழுக்கவே மாட்டேங்குதுடா!" செவோரின் குரலில் கேலி போயிருந்தது. "ஆள் ஏத்தின மாதிரி கனக்குது. கியர் சரியாத்தான் இருக்கா?"

"இருக்குண்ணே. நிறுத்தாதீங்க."

நூலைத் தொட்டான். தூண்டிலில் மீன் கொத்துவதுபோல அது சுண்டியது. கையை இழுத்துக்கொண்டான். இரண்டாவது முறையும் சுண்டியது.

மரையைக் கழற்றி நூலை உருவி எறிந்துவிடலாம். எறிந்தால் எண்ணெய் போகும். இனி ஊற்ற எண்ணெய் இல்லை. இந்தப் புழுதிக்குள் படகு நின்றால் யாய்ரா பிழைக்கமாட்டாள். பிள்ளையும் பிழைக்காது. ஸ்பானரை மரையில் பொருத்தி, திருப்பாமல் எடுத்துவிட்டான். அவனுக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் கவனித்தான். முனகல் கேட்கவில்லை.

இயந்திரச் சத்தத்துக்குள் காதைத் தீட்டினான். யாய்ரா பேசிக்கொண்டிருந்தாள். வலியில் பேசுகிற பேச்சாக இல்லை. அடக்கமான, நிம்மதியான குரல்.

"சரிக்கா… சரிக்கா…"

யாரிடம்?

"யாய்ரா!"

அவள் அந்தப் பேச்சையே தொடர்ந்தாள்.

"சரிக்கா."

கத்தியை எடுத்தான். மரையோடு ஒட்டி நூலை அறுத்தான். அறுந்த முனை பலகை இடுக்குக்குள் சரசரவென்று ஓடி மறைந்தது. யாரோ கீழே வேகமாக இழுத்துக்கொண்டதுபோல. மரை கசியவில்லை. இயந்திரம் ஓடியது. கியர்பெட்டி மெல்லச் சூடேற ஆரம்பித்தது.

மூட்டைகளுக்கு அப்பால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

கத்தி கைநழுவிக் குழிக்குள் விழுந்தது. எடுக்கவில்லை. கிழங்கு மூட்டைகள்மேல் தவழ்ந்து, சறுக்கி, முட்டியைப் பேர்த்துக்கொண்டு ஏறினான். உயிர். பிள்ளைக்கு உயிர் இருக்கிறது. மறுபக்கம் குதித்தான்.

யாய்ரா பலகையில் சாய்ந்து கிடந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் சிரித்தாள். மார்பில் பிள்ளை. ஆண் பிள்ளை. சுற்றியிருந்த பலகையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"எங்க போயிட்ட நீ? அந்தக்கா மட்டும் வரலைன்னா நான் செத்துருப்பேன்."

"எந்தக்கா?"

"கை அப்படிச் சில்லுன்னு இருந்துச்சு அவங்களுக்கு. வயித்துல வச்சு ஒரு தடவு தடவினாங்க, பிள்ளை திரும்பிருச்சு. தொப்புள்கூட அவங்கதான் கட்டினாங்க. பாரேன், எவ்வளவு அழகா கட்டியிருக்காங்க."

துணியை விலக்கிக் காட்டினாள்.

தொப்புள்கொடியில் சிவப்பு நூல். இறுக்கி, மரை ஓடுகிற திசையிலேயே சுற்றி, முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சிலிருந்து நூல் பிள்ளையின் வயிற்றின்மேல் ஓடி, யாய்ராவின் கையைத் தாண்டி, படகின் விளிம்பில் ஏறி, வெளியே இறங்கியது.

பாய்ந்து பல்லால் கடித்தான். வெறும் பருத்தி இழை. ஈறில் ரத்தம் வந்தது. நூல் அறுபடவில்லை.

படகு முன்னே போய்க்கொண்டிருந்தது. நூல் பின்னால் இழுபடவில்லை. நேர் கீழாக, தண்ணீருக்குள், விறைப்பாக இருந்தது.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் பக்கமாகத் தலையைத் திருப்பியது.

நூல் ஒரு விரற்கடை தண்ணீருக்குள் போனது.

பிறகு இன்னொரு விரற்கடை.